சாட் விண்டோவில் ஒரு குழந்தை

2010 பிப்ரவரி 21. விடியும் முன்பே ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மலைச்சாலையில் மூன்று வண்டிகள் பயணிகளோடு போய்க்கொண்டிருந்தன. மேலே அமெரிக்காவின் பிரிடேட்டர் டிரோன். ஓட்டியவர்கள் நெவாடாவில், அதே வீடியோவைப் பார்த்து வண்டியில் யார் என்று சொல்ல வேண்டியவர்கள் புளோரிடாவில். செயற்கைக்கோள் வழியே படம் சில நொடிகளில் இரண்டு இடத்துக்கும் வந்துவிடும். அதைப் பற்றிப் பேச இருந்தது ஒரு சாட் விண்டோ. அவ்வளவுதான்.

குழந்தைகள் இருக்காங்க என்று புளோரிடா டைப் செய்தது. நெவாடாவுக்கு அதை ஏத்துக்க மனசில்லை. குழந்தை 'பதின்ம வயது' ஆனது. அந்த வயசுல சண்டை போடலாமாம். இந்தத் திருத்தத்தைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

ஹெலிகாப்டர்கள் சுட்டன. அமெரிக்கக் கணக்கில் செத்தவர்கள் 15 அல்லது 16 ஆண்கள். ஊர்ப் பெரியவர்கள் கணக்கில் 23 பேர். அதில் இரண்டு பையன்கள்: ஒருவனுக்கு வயது 3, இன்னொருவனுக்கு 4.