ஈஸ்ட் உயிரணுவின் கைகாட்டி

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட்டில், உயிரணு இரண்டாகப் பிரிவதை ஆளும் மரபணுக்களை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கரான லீலண்ட் ஹார்ட்வெல் கண்டறிந்தார். பிரிட்டனில் பால் நர்ஸ், வேறோர் ஈஸ்ட்டில் அத்தகைய தலையாய மரபணுவொன்றைக் கண்டார். அது ஆக்கும் நொதியோ, இருப்புப் பாதையில் உழலும் நாம் நன்கறிந்த கைகாட்டி போன்றது. இறங்கினாலன்றி உயிரணு அடுத்த கட்டத்திற்கு நகராது. அந்நொதியை இயக்கும் சைக்ளின் என்னும் புரதத்தை 1982-இல் டிம் ஹன்ட் கடல்முள்ளெலி முட்டைகளில் கண்டார். சைக்ளின் பெருகக் கை இறங்கும்; அழிய, மீண்டும் ஏறும்.

1987-இல் நர்ஸ் குழுவினர், அம்மரபணு பழுதுற்ற ஈஸ்ட்டில் மனித மரபணுவைப் புகுத்தினர். ஈஸ்ட் பிழைத்துப் பிரிந்தது! நமக்கும் அதற்கும் காவல் ஒன்றே. அக்காவல் தவறுமிடத்துப் புற்றுநோய் தலைகாட்டுகிறது. மூவரும் 2001-இல் நோபல் பரிசு பெற்றனர். சிற்றுயிரென்று எதனையும் இகழோமாக!