மங்கில் வந்த சாஸ்

போன மாதம் ஈப்போவில் ஒரு மதுக்கடை உணவகத்துக்குப் பாட்டியைக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். தோட்டத்துத் துரைமார் காலத்தையே அலங்காரமாக வைத்திருக்கும் இடம். சுவரில் துரைத் தொப்பி, மூலையில் பிரம்பு நாற்காலி, எங்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள். அங்கே பர்கர் நன்றாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள்.

முதலில் பர்கரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோழி பர்கர், 32 ரிங்கிட். பன்னை வெண்ணெயில் வாட்டியிருந்தார்கள். இறைச்சி காயவில்லை, மிளகு கொஞ்சம் தூக்கல். முட்டையை மெல்லிசாக ஊற்றி அதில் இறைச்சியைச் சுற்றித் தருகிற சாலையோர ரம்லி பர்கரில் வளர்ந்த நாக்கு என்னுடையது. அந்த நாக்கே குறை சொல்லவில்லை. பத்துக்கு ஏழு கொடுக்கலாம்.

சிக்கல் சாஸில்தான். அதை ஒரு பால் மங்கில் ஊற்றி வைத்திருந்தார்கள்.

"என்னாய்யா இது, மங்குல கொண்டாந்து வச்சிருக்கான்?" என்றார் பாட்டி.

பாட்டி 1948இல் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அந்த ஆண்டு ஜூன் 16ஆம் தேதி அதே வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம் வந்தது. சிறுமியாக அம்மாவுக்கு உதவியாய் மங்கு துடைக்கப் போனவர், பிறகு தானே நிரை பிடித்து மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டு, வெயில் ஏறுமுன் வெட்டு, பிறகு காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடை. பக்கத்து ஊரான கோலாகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அதற்கு வேலியும் பெயர்ப்பலகையும் உண்டு. பாட்டி வெட்டிய மரங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை.

சுவர்ப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். துரைமார் படத்துக்குக் கீழே பெயர்கள் இருந்தன. வெட்டுக்காரப் பெண்கள் படத்துக்குக் கீழே 'பால்மரத் தொழிலாளர்கள், பேராக்' என்று மட்டும். ஆண்டுகூட இல்லை.

இன்னொன்றும் இல்லை: கள்ளுக்கடை. தோட்டத்தைப் பற்றிய மதுக்கடை என்றால் அதுதானே முதலில் வரவேண்டும்? துரைக்குக் கிளப்பில் விஸ்கி, தொழிலாளிக்குத் தோட்டத்திலேயே கள். காலையில் வாங்கிய கூலி மாலையில் அங்கே கரைந்தது. 1941இல் சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். பட்டாளத்தை இறக்கி அதை அடக்கினார்கள். இந்தக் கதைக்குச் சுவரில் ஒரு சாண் இடமில்லை.

கோபத்தோடு பாட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உருளைக்கிழங்கு வறுவலை சாஸில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தான்யா இருக்கு. நீயும் சாப்பிடு, ஆறிப்போவுது."

பில் கொடுக்கும்போது பொறுப்பாளரிடம், அந்தப் படம் எந்தத் தோட்டத்தில் எடுத்தது என்று கேட்டேன். பழைய பொருள் கடையில் வாங்கியது, தெரியாது என்றார். நல்ல பையன், உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

மேசைக்குத் திரும்பினேன். பாட்டி மங்கை டிஷ்யூவால் சுற்றித் துடைத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

"கவுத்து வைக்கலன்னா மழத்தண்ணி நின்னுரும்" என்றார்.