உமியும் உலோகமும்: மறுபயன் வினையூக்கிகளுக்குக் காவிரிப் படுகையின் பங்கு

கரிம வேதியியலில் ‘தாவரவழி உலோக வினையூக்கி’ என்ற ஒரே பெயர் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு வழங்கி வருகிறது. உலோகத்தையே செடியிலிருந்து பெறுவது முதல் வகை. உலோக உப்பை இலைச்சாற்றால் ஒடுக்கி நுண்துகளாக்குவது இரண்டாம் வகை. உலோகம் பற்றி நிற்கும் தாங்கியைத் தாவரத்திலிருந்து பெறுவது மூன்றாம் வகை. தஞ்சை மண்ணுக்கு உரியது மூன்றாவதே. அதன் தரத்தை முதல் வினையின் விளைச்சலால் அளக்காமல் உலோகக் கசிவால், அதாவது தாங்கியிலிருந்து உலோகம் கரைந்து வெளியேறும் அளவால், அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. செடி தருவது எது?

முதல் வகைக்குச் சிறந்த சான்று பிரான்சின் கிளோட் கிரிசோன் செய்த ஆய்வு. சுரங்கத்தால் கெட்ட நிலத்தில் துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றை இலையில் சேர்க்கும் செடிகளை வளர்த்து, சாம்பலாக்கி, அமிலத்தில் பதப்படுத்தி அவர் வினையூக்கி செய்தார். அது உலோகம் மிகுந்த மண்ணின் வழி. நெல்லுக்கே துத்தநாகம் போதாமல் உழவர் ஜிங்க் சல்பேட் இடும் வயல்களில் அதற்கு இடமில்லை.

இரண்டாம் வகையில் இலையின் பாலிபீனால்கள் பல்லேடியம் உப்பை ஒடுக்குகின்றன; துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கின்றன. ஆனால் பல்லேடியம் வந்தது சுரங்கத்திலிருந்துதான். சாறு சேர்த்ததாலேயே அதைப் பசுமை என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாம் வகைக்கே நெல் உதவும். அது சேர்ப்பது சிலிக்கன். வேரில் அதைக் கடத்தும் மரபணுவை ஜியான் ஃபெங் மா குழுவினர் ஜப்பானில் 2006இல் கண்டறிந்தனர். வேர் எடுத்த சிலிக்கன் உமியில் சிலிக்காவாகப் படிகிறது. 1,000 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் பொதுவாக 85 முதல் 95 விழுக்காடு சிலிக்கா.

2. ஆலைச் சாம்பலிலிருந்து தாங்கி

புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமியே எரிபொருள். அங்கு வரும் சாம்பலை விரலில் தேய்த்தால் கரி அப்பும். அடியில் மணல்போல் நெருடும். உமியிலுள்ள பொட்டாசியம் சூட்டில் உருகிக் கரியை உள்ளே அடைத்துவிடுவதே இதற்குக் காரணம். உமியை முதலில் அமிலத்தில் கழுவி, 600 டிகிரி செல்சியஸ் அளவில் எரித்தால் வெண்மையான, படிகமற்ற சிலிக்கா கிடைக்கும். சூடு மிகுந்தால் அது படிகமாகி, வினைக்கு வேண்டிய பரப்பை இழக்கும். அத்தூசு நுரையீரலுக்கும் கேடு.

வெண்சாம்பலைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, இரும்பு உப்புடன் அமிலம் சேர்த்தால் களி உறையும். உலோகம் சிலிக்கா வலைக்குள்ளேயே அமரும். பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஃபாரூக் ஆடம் குழுவினர் இவ்வழியை விரிவாக வளர்த்துள்ளனர். வைக்கோல் சாம்பலும் வீணன்று. அதை ஊறவைத்த நீரையே காரமாகக் கொண்டு, பல்லேடியம் உப்புடன், அறை வெப்பநிலையில், இரு கார்பன் அணுக்களைப் பிணைக்கும் சுசுகி இணைப்பு வினையை திப்ருகார் பல்கலைக்கழகத்தினர் 2015இல் நிகழ்த்தினர்.

உமியும் உலோகமும் சேர்வது இப்படுகைக்குப் புதிதன்று. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவின்மீது இடும் முதல் பூச்சில் காவிரி வண்டலோடு உமிக்கரியை அரைத்துச் சேர்க்கிறார்கள்.

3. மறுபயனின் அளவுகோல்

ஐந்து சுற்றிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் விளைச்சல் என்று காட்டும் அட்டவணை மட்டும் போதாது. ஒரு மணியில் முடியும் வினையை ஆறு மணி ஓடவிட்டால், வினையூக்கியில் பாதி செத்தாலும் விளைச்சல் குறையாது. வினை பாதி நடந்த நிலையில் வேகத்தை ஒப்பிட்டால்தான் தேய்மானம் தெரியும். அதே நிலையில் கலவையைச் சூடாகவே வடிகட்ட வேண்டும். வடிநீரில் வினை தொடர்ந்தால், வேலை செய்தது கரைந்த உலோகமே. இச்சோதனையோடு வடிநீரின் உலோக அளவும் தரப்பட வேண்டும். கசிந்த உலோகம் விளைபொருளிலும் தங்கக்கூடும்; வாய்வழி மருந்தில் பல்லேடியத்துக்குப் பன்னாட்டு வரம்பு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம்தான்.

டெல்டாவில் இக்கணக்கு இன்னும் கூர்மையானது. இங்கே ஒரு வயலின் வடிகால் அடுத்த வயலுக்குப் பாசனமாகிறது. தாமிர, துத்தநாக உருக்காலைகளைத் தடுத்த 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காக்க விரும்பியதும் இந்த நீரையும் நிலத்தையும்தான். ஆகவே விலை குறைந்த, நச்சும் குறைந்த இரும்பிலிருந்து தொடங்குவதே முறை.

அமிலமும் காரமும் செலவாகி உப்பு நீர் மிஞ்சுமே என்ற மறுப்பு நியாயமானது. கழுவுவதற்குச் சிட்ரிக் அமிலம் போதும். மிஞ்சும் உப்பை மீட்டெடுக்க வேண்டும். அதற்கான செலவையும் சேர்க்காத பொருளாதாரக் கணக்கை ஏற்கலாகாது.

1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஓர் ஆய்வகமாகத் தொடங்கி, 1972இல் நெல் பதன ஆராய்ச்சி மையமான நிறுவனம் இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. நெல்லை அறிந்த அந்நிறுவனமும் வினையை அறிந்த வேதியியல் துறைகளும் ஒரே ஆலையின் சாம்பலை எடுத்து இச்சோதனைகளைச் சேர்ந்து செய்ய வேண்டும். ஐந்தாம் முறை வடித்த நீரிலும் உலோகக் கசிவு இல்லை என்று காட்டும் வினையூக்கியே காவிரிப் படுகைக்கு ஏற்றது.