உவர்நீரில் வாழும் உயிர்கள்

இலங்கையின் மேற்குக் கரையிலே, சிலாபத்திலிருந்து புத்தளத்துக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்தது முந்தல். அவ்வூரின் பெயரையே தாங்கிய களப்பு மேற்கே பரந்து கிடக்கின்றது. கடலோடு நேரே கலக்கும் அகன்ற வாய் அதற்கு இல்லை. வாய்க்கால் வழியாகவே புத்தளக் களப்போடு தொடர்பு கொண்டுள்ளது. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மழைக்காலத்திலே களப்பின் உவர் அதனினும் மிகக் குறையும். கோடை வெயில் நீரை உறிஞ்சும்போது அதனையும் விஞ்சிவிடும். ஓராண்டுக்குள்ளே இவ்விரு நிலைகளையும் தாங்கவல்ல உயிர்களே இங்கு நிலைக்கின்றன.

அவற்றுள் முதன்மையானவை கண்டல் இனங்கள். நீரிலே நின்றும் நீருக்கு ஏங்கும் நிலை இம்மரங்களுக்கு உரியது. கண்டல் மரம் உப்பின் 90 வீதத்துக்கு மேற்பட்ட பங்கை வேரிலேயே தடுத்துவிடுகின்றது. கண்ணா மரமோ உள்ளே புகுந்த உப்பை இலைச் சுரப்பிகளால் வெளியேற்றுகின்றது; வெயில் வேளையில் இலைமேல் உப்புப்பொடி படிந்திருக்கும். சேற்றிலே காற்று இல்லாமையால் அதன் வேர்கள் மேல்நோக்கி எழுந்து மூச்சு விடுகின்றன. கண்டலின் வித்து தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட பின்னரே நீரில் விழுகின்றது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கடற்படையினர் பாரசீக வளைகுடாவிலே கண்ட இத்தகைய மரங்களைப் பற்றிக் கிரேக்க அறிஞர் தியோபிராசுத்தசு தம் தாவர நூலில் எழுதிவைத்தார்.

புத்தளத்து உப்பளங்களில் இன்னொரு விந்தை உண்டு. மீன்கள் பிழைக்கமுடியாத கடும் உவர்நீரிலே ஆட்டீமியா என்னும் சிற்றுயிர் வாழ்கின்றது. நிலைமை பொறுக்கமுடியாததாகும்போது அது தடித்த ஓடுடைய முட்டைகளை இடுகின்றது. அவை உலர்ந்து பல்லாண்டு கிடந்து, ஏற்ற நீர் கிடைத்ததும் உயிர்க்கின்றன.

கறுப்புப் புலி இறாலும் உவர் மாற்றத்தைத் தாங்கவல்லது. அது கடலில் முட்டையிட, குஞ்சுகள் களப்புக்கு வந்து கண்டல் வேர்களிடையே வளர்கின்றன. இவ்வாற்றலே அதனை வளர்ப்புக்கு உரியதாக்கிற்று. 1980களில் இக்கரையிலே இறால் வளர்ப்புப் பெருகியது. கண்டற்காடுகளும் உவர்நிலங்களும் குளங்களாயின. ஒல்லாந்தர் காலத்திலே கறுவா முதலிய சரக்குகள் செல்லப் பயன்பட்ட வாய்க்காலிலிருந்து பண்ணைகள் நீரை எடுத்தன. கழிவுநீரையும் அதனுள்ளேயே விட்டன. ஒரு குளத்தின் கழிவு மற்றொரு குளத்தின் ஊற்றாயிற்று. 1996ஆம் ஆண்டிலே வெண்புள்ளி நோய் புகுந்தபோது, அந்நீரே நோயையும் குளந்தோறும் சுமந்து சென்றது. உப்பை வென்ற உயிர் நெரிசலை வெல்ல முடியவில்லை. கடன்பட்டுக் குளம் வெட்டியோர் பலர் முதலையும் இழந்தனர்.

கைவிடப்பட்ட குளங்களிலே மற்றொரு தீங்கும் தோன்றிற்று. கண்டற் சேற்றில் அடங்கியிருக்கும் கந்தகச் சேர்மம், கிளறப்பட்டுக் காற்றுப் பட்டதும் அமிலமாகின்றது. அங்கே நீரோட்டத்தை மீட்காது நட்ட கன்று வேரூன்றுவது அரிது.

இத்துன்பத்திலிருந்து மனிதரும் ஒரு பாடம் கற்றனர். பண்ணைப் பகுதிகளை வலயங்களாகப் பிரித்து, காலம் மாற்றி இறால் விடும் முறை பின்னர் வகுக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டிலே நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் தொடங்கிற்று. 2016இல் சிலாபத்தை அடுத்த பம்பலவிலே கண்டல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

கண்டலும் இறாலும் தம் ஆற்றலை ஊழி ஊழியாகத் தேடிக்கொண்டவை. அவற்றின் சூழலை மனிதர் மாற்றியதோ இரு பத்தாண்டுகளுக்குள்ளேயாம். எத்துணை வன்மை உடைய உயிர்க்கும் மாற்றத்தை ஏற்கக் காலம் வேண்டும். அக்காலத்தை அளிப்பது களப்பால் வாழ்வோரின் கடமை. அவர்தம் பிழைப்பும் அதிலேயே தங்கியுள்ளது.