விரல் தொட்ட புள்ளியும் பெரிய கோயில் விமானமும்

திரையில் விரல் வைத்த இடத்தில் ஒரு புள்ளி விழ வேண்டும். நான் எழுதிய நிரல் அவ்வளவுதான். பக்கத்தைக் கொஞ்சம் உருட்டியதும் புள்ளி விரலை விட்டு மேலே போய் விழுந்தது. பாதி ராத்திரி வரை மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. 'கிளையன்ட்ஒய்' கண்ணுக்குத் தெரியும் பகுதியின் மேல் விளிம்பிலிருந்து அளக்கிறது. 'பேஜ்ஒய்' முழுப் பக்கத்தின் உச்சியிலிருந்து அளக்கிறது. நான் ஒன்றில் படித்து மற்றதில் வரைந்திருக்கிறேன்!

எங்கிருந்து அளப்பது என்ற இந்தத் தலைவலி எங்கள் தஞ்சாவூருக்குப் புதிதல்ல நண்பர்களே.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அப்படி முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கோத்துக்கொண்டு தெற்கே வந்தார்.

காவிரிப் படுகையில்தான் சிக்கல். குன்று கிடையாது; எங்கு பார்த்தாலும் வயலும் தென்னந்தோப்பும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி தெரிந்தால்தானே கோணம் எடுக்க முடியும்? ஆகவே கோயில் கோபுரங்களே அவருக்கு மலைகளாயின. 1808-ல் சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்துபோனது. லாம்ப்டன் சுமார் ஆறு வாரம் உட்கார்ந்து அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வட்டம் கோணலானால் கோணம் பிழை. கோணம் பிழையானால் அதன் பிறகு வரும் ஊர்கள் எல்லாமே இடம் மாறும்.

இன்னொன்றும் உண்டு. அவருடைய தீர்க்கரேகைகளுக்கு ஆதாரம் சென்னை வானாய்வகம். அந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையே சற்றுப் பிழை என்று பின்னால் தெரியவந்தது. ஊர்களுக்கு இடையிலான தூரம் சரி, ஆனால் மொத்த வரைபடமும் சேர்ந்து நகர்ந்திருந்தது. என் புள்ளியைப் போலவே!

உலாவிகளுக்கான தொடு நிகழ்வுத் தரத்தை டபிள்யூ3சி 2013-ல் வெளியிட்டது. அதில் ஒரே தொடுகைக்கு திரை, காட்சிப் பகுதி, பக்கம் என மூன்று ஆதாரங்களிலிருந்து அளவு கிடைக்கும். எது வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த முறை பெரிய கோயிலுக்குப் போனால் விமானத்தை அண்ணாந்து பார்க்கும்போது அறுந்த அந்தக் கயிற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள்.