இதயத்தில் காணாமல் போன 25 எழுத்துகள்

"அவங்க பரம்பரையே அப்படித்தாங்க... எல்லாரும் நெஞ்சு வலி வந்துதான் போவாங்க."

பாடியில் எங்கள் தெருவில் ஒரு சாவு வீட்டில் இதைக் கேட்டேன். இறந்தவருக்கு 46 வயது. அவர் மகன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். இதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றான். பரம்பரை என்கிறோமே, அது நிஜமாகவே உடம்புக்குள் எழுதியிருக்கிறதா? தேடிப் பார்த்ததில் மதுரை சம்பந்தப்பட்ட ஒரு வரலாறு கிடைத்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1948ல் அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 5,209 பேரை வைத்து ஒரு ஆய்வு ஆரம்பித்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் எல்லாம் இதயத்துக்கு ஆபத்து என்று இன்று டாக்டர்கள் சொல்வதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்த 5,209 பேரில் ஏறக்குறைய எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் ஜீன்களில் மட்டும் ஒன்று இருந்தால் அங்கே எப்படித் தெரியும்?

2003ல், மனித ஜீனோம் திட்டம் முடிந்த அதே ஆண்டில், இதயத் தசை தடித்துப்போகும் நோய் உள்ள இந்தியக் குடும்பங்களில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற ஜீனில் 25 எழுத்துகள் இல்லை! இதயத் தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்துக்கான செய்முறை இந்த ஜீனில்தான் இருக்கிறது. 25 எழுத்து போனதால் செல் படிக்கும்போது ஒரு துண்டைத் தாண்டிவிடுகிறது. புரதத்தின் வால் பகுதி மாறிவிடுகிறது.

இது ஓரிரு குடும்பத்தோடு முடியும் விஷயமா? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் ஆகியோர் அடங்கிய குழு இந்தியா முழுவதும் தேடியது. 2009ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் முடிவு வந்தது. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம், அதாவது 25 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை இருக்கிறது. இருப்பவர்களுக்கு இதயம் செயலிழக்கும் வாய்ப்பு சுமார் 7 மடங்கு. இவ்வளவு கெடுதல் என்றால் இது ஏன் அழிந்துபோகவில்லை? பாதிப்பு பெரும்பாலும் நடுத்தர வயதுக்கு மேல்தான் வருகிறது. அதற்குள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஆறு கோடி பேருக்கு ஆபத்து என்று உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதின. இங்கேயே நிறுத்தினால் அந்தப் பையனுக்கு நான் சொல்லக்கூடியது பயம் மட்டும்தான். ஆனால் கதை முடியவில்லை.

2018ல் சக்திவேல் சடையப்பன் குழுவினர் அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களைப் பார்த்தார்கள். 25 எழுத்து இல்லாதவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அதே ஜீனில் இன்னொரு மாற்றமும் இருந்தது. இதயத்தில் கோளாறின் அறிகுறி அவர்களிடம்தான் தெரிந்தது. 2020ல் வந்த வேறொரு ஆய்வும், தசை தடிக்கும் நோய்க்குக் காரணம் அந்த 25 எழுத்து அல்ல, சிலரிடம் கூடவே வரும் வேறொரு சிறு மாற்றம்தான் என்றது. பஸ்ஸில் பர்ஸ் காணாமல் போனால் பக்கத்தில் நின்றவரைப் பிடிக்கிறோமே, அந்த மாதிரி! 25 எழுத்து மட்டும் இல்லாதவர்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் முதலில் பயந்த அளவுக்கு இல்லை.

2009ல் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தேடாமல் இருந்திருந்தால் அடுத்தவர்கள் திருத்துவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

இன்னொன்று. மாரடைப்பு என்பது பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பு. நான் மேலே எழுதியது தசை நோய். அந்த அப்பாவுக்கு எது வந்தது என்று யாரும் பார்க்கவே இல்லை. பரம்பரை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

போன வாரம் அந்தத் தம்பியைப் பார்த்தேன். அப்பா, தாத்தாவுக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று ஒரு பேப்பரில் எழுதி டாக்டரிடம் காட்டு, ஒரு எக்கோ எடுக்கணுமா என்று கேள் என்றேன். சரிண்ணா என்றான். நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள் நண்பர்களே.