சோழவரத்து தாத்தாவும் தளிப் பையனும்

தளியிலிருந்து ஓசூர் ஷிஃப்டுக்கு பைக்கில் பறக்கும் பையனிடம் 'சோழவரம் தெரியுமா?' என்று கேளுங்கள். 'எந்தப் பக்கம் சார்?' என்பான். சென்னையில் ஒரு தாத்தாவிடம் கேளுங்கள்... கண் மின்னும்!

இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1950-களில் அங்கே கார், பைக் ரேஸ் தொடங்கியது. ஜனம் திரண்டது. 1990-ல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. பழைய கூட்டம் கூடவே போகவில்லை. ரசிகர்களுக்கு நரை விழுந்தது.

இத்தனைக்கும் ஓசூரில் 1980-ல் மொபெட் தயாரித்த டி.வி.எஸ்., 1982-லேயே ரேஸ் அணி அமைத்துவிட்டது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, ஊர் நடுவே இரவுப் பந்தயம் நடந்தது. சரியான வழி அதுதான். தேர் நம்ம தெருவுக்கு வந்தால்தானே வடம் பிடிக்கப் பிள்ளைகள் ஓடி வருவார்கள்? வண்டி பிறக்கிற ஓசூரிலும் அந்த உறுமல் கேட்கட்டும். தளிப் பையன் தானாக வருவான்!